மான்டரே கணக்காசிரியர் மாநாட்டுக்குப் பகுதி நேர ஆசிரியர் போகலாமா?

கேட்டவர் சொன்னது சுருக்கமாக இதுதான். சென்னையில் கணக்கில் எம்.ஃபில். முடித்தவர். கலிஃபோர்னியாவில் சான் ஹோசே பக்கம் ஒரு கம்யூனிட்டி காலேஜில் ஆகஸ்டிலிருந்து பகுதி நேரமாக இரண்டு செக்‌ஷன் எடுக்கிறார். டிசம்பர் தொடக்கத்தில் மான்டரேயில் நடக்கும் வட்டார மாநாட்டுக்கு வரச் சொல்லி உடன் வேலை செய்யும் ஒருவர் கூப்பிடுகிறார். செலவு கைக்காசு. அங்கே என்ன நடக்கும், பேப்பர் வாசிக்க வேண்டுமா, ஆராய்ச்சியை விட்டுப் பல வருடம் ஆன தனக்கு அதனால் ஏதாவது பிரயோஜனம் உண்டா, போனால் என்ன உடுத்துவது என்று கேட்டிருக்கிறார்.

போங்கள். ஆனால் ஊரில் பார்த்த மாநாட்டை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

ஊர் மாநாடு எப்படி இருக்கும்? குத்துவிளக்கு, பொன்னாடை, முக்கால் மணி நேரம் வரவேற்புரை. அப்புறம் ஆளுக்குப் பத்து நிமிடம் வீதம் கட்டுரை வாசிப்பு, நடுவில் நேரம் முடிந்தது என்று மணி அடிப்பு, கடைசியில் சான்றிதழ். அந்தச் சான்றிதழுக்காகத்தான் பாதிப் பேர் வந்திருப்பார்கள். மான்டரேயில் இந்தச் சடங்கு எதுவும் கிடையாது. புதுத் தேற்றமும் கிடையாது, அதை எதிர்பார்த்து யாரும் வருவதும் இல்லை. நாளைக்கு வகுப்பில் என்ன செய்வது என்ற ஒரே கவலையோடு வருகிறவர்களின் கூட்டம் அது.

நான் முதல் தடவை போனபோது உட்கார்ந்த முதல் அமர்வு கழித்தல் குறியைப் பற்றியது. ஐம்பது நிமிடமும் ஒரே விஷயம்: −3² என்று எழுதினால் மாணவர்கள் ஏன் 9 என்கிறார்கள். "இதைக் கேட்கவா எழுபது மைல் கார் ஓட்டி வந்தோம்" என்று எனக்கு எரிச்சல். பேசியவர் முதலில் கிராஃபிங் கால்குலேட்டரில் போட்டுக் காட்டினார், −9 வந்தது. பிறகு எக்செல்லைத் திறந்து =-3^2 என்று தட்டினார். 9 வந்தது. எக்செல் கழித்தல் குறியை முதலில் எண்ணோடு ஒட்டிவிட்டுப் பிறகுதான் வர்க்கம் போடும், கணக்குப் புத்தகம் அதற்கு நேர்மாறு. அறையில் சின்னச் சலசலப்பு. அந்த வாரம்தான் ஒரு மாணவியின் தாளில் இதே தப்புக்கு மூன்று இடத்தில் சிவப்பு மையால் சுழித்திருந்தேன். பகலில் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதிவிட்டு இரவு வகுப்புக்கு வருகிறவர் அவர். எட்டு மணி நேரம் எக்செல்லோடு இருக்கிறவருக்கு 9 என்பது தப்பாகவே தெரிந்திருக்காது. அதை எனக்குச் சொல்லித் தர ஒரு ஆள் தேவைப்பட்டார், எம்.எஸ்சி.யில் படித்த அளவைக் கோட்பாடு சொல்லித் தரவில்லை.

நாம் எங்கே வேலை செய்கிறோம் என்பது புரிந்தால்தான் இந்த மாநாடு எதற்கு என்பது விளங்கும். கம்யூனிட்டி காலேஜ் என்று ஊரில் சொன்னால் தொழிற்பயிற்சி நடக்கும் சமுதாயக் கல்லூரி என்று நினைத்துக்கொள்கிறார்கள், என் மாமியார் உட்பட. இங்கே அது வேறு. 1901இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் ஒன்று ஆரம்பித்தார்கள், இன்று நாடு முழுக்கச் சுமார் ஆயிரம். கலிஃபோர்னியாவில் மட்டும் 116. நுழைவுத் தேர்வு கிடையாது, வந்தவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மாநிலத்தில் குடியிருப்பவருக்கு ஒரு யூனிட்டுக்கு (பாடத்தின் கனத்தை அளக்கும் அலகு) 46 டாலர். இங்கே இரண்டு வருடம் படித்துவிட்டு பெர்க்லி, சான் ஹோசே ஸ்டேட் மாதிரிப் பல்கலைக்கழகங்களுக்கு மாறிப் போகிறவர்கள், நர்ஸிங்கில் சேரப் புள்ளியியல் வேண்டும் என்று வருகிறவர்கள், நாற்பது வயதில் வேலை போய் திரும்பப் படிக்க வந்தவர்கள், பள்ளியில் இருந்துகொண்டே கால்குலஸ் எடுக்க வரும் பதினாறு வயதுப் பையன்கள் எல்லாரும் ஒரே அறையில் இருப்பார்கள். முழு நேர ஆசிரியர் என்றால் செமஸ்டருக்கு வழக்கமாக 15 யூனிட், அதாவது மூன்று யூனிட் பாடம் ஐந்து. ஆராய்ச்சி செய்யச் சொல்லி யாரும் கேட்பதில்லை, செய்தாலும் அது வேலைக் கணக்கில் வராது. எம்.எஸ்சி. போதும், வேலைக்குச் சேரலாம். ஆனால் வகுப்பில் எப்படிச் சொல்லித் தருவது என்று நமக்கு யாரும் ஒருநாளும் பாடம் எடுத்ததில்லை. அந்தக் குறையைத்தான் இந்த மாதிரிக் கூட்டங்கள் நிரப்புகின்றன.

தேசிய அளவில் இதற்கென்று ஒரு சங்கம் உண்டு. இரண்டாண்டுக் கல்லூரிகளின் அமெரிக்கக் கணிதச் சங்கம், எல்லாரும் சொல்வது அமாட்டிக். 1974இல் தொடங்கியது. அதன் முதல் தலைவர் ஹெர்பர்ட் கிராஸ். எம்ஐடிக்காக 1970 வாக்கில் அவர் எடுத்த கறுப்பு வெள்ளை கால்குலஸ் வீடியோக்கள் இன்றும் இணையத்தில் ஓடுகின்றன, பார்க்காவிட்டால் பாருங்கள். எம்ஐடியை விட்டுவிட்டு, பாஸ்டனில் அப்போதுதான் திறந்திருந்த பங்கர் ஹில் கம்யூனிட்டி காலேஜுக்குப் போனவர் அவர். அந்தத் திசையில் நடந்து போகிறவர்கள் குறைவு. அமாட்டிக்கின் ஆண்டு மாநாடு நவம்பரில் ஊர் ஊராக நடக்கும், 2024இல் அட்லாண்டா, 2025இல் ரீனோ. விமானம், மூன்று இரவு ஹோட்டல் என்று பகுதி நேரச் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது. அதன் கிளை போல மாநிலந்தோறும் வட்டாரச் சங்கங்கள் இருக்கின்றன. உங்களைக் கூப்பிட்ட மாநாட்டை நடத்துவது வட கலிஃபோர்னியாவின் சங்கம், கலிஃபோர்னியா மேத்தமேட்டிக்ஸ் கவுன்சில் கம்யூனிட்டி காலேஜஸ். சுருக்கமாகச் சிஎம்சி க்யூப் என்பார்கள். பெயரில் மூன்று 'சி' வரிசையாக வருவதால் சுருக்கெழுத்தில் அடுக்கு 3 போட்டுவிட்டார்கள். கணக்கு வாத்தியார்கள் சங்கத்துக்குப் பெயர் வைத்தால் இப்படித்தான் ஆகும். தென் கலிஃபோர்னியாவுக்குத் தனியாக ஒன்று உண்டு.

நடக்கும் விதம் எளிமையானது. வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் தொடங்கும், மாலையில் வெளியிலிருந்து வந்த யாராவது ஒரு கணிதக்காரரின் பொது உரை. சனிக்கிழமை காலையிலிருந்து ஒரே நேரத்தில் நாலைந்து அறைகளில் அமர்வுகள், மதியச் சாப்பாட்டோடு விருது கொடுப்பதும் நன்றி சொல்வதும். சாயங்காலம் முடிந்துவிடும். திங்கட்கிழமை பரீட்சைத் தாள் திருத்த வேண்டியவர்கள் என்பதால் ஞாயிறைத் தொடுவதில்லை.

பேப்பர் வாசிக்க வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். முதல் வருடம் சும்மா உட்கார்ந்து கேளுங்கள். ஏதாவது உதவி செய்ய ஆசை என்றால் அமர்வுக்கு அறிமுகம் சொல்லி நேரம் பார்த்துக்கொள்ள ஆள் தேடுவார்கள், பெயர் கொடுங்கள். பேச்சாளரோடு இரண்டு நிமிடம் தனியாகப் பேசக் கிடைக்கும் வாய்ப்பு அது, புது ஆளுக்கு அதைவிட நல்ல நுழைவு எனக்குத் தெரியாது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்தச் சில வருடங்களாக மான்டரேயில் எந்த மேஜையில் உட்கார்ந்தாலும் பேச்சு ஒன்றில்தான் போய் முடியும்: ஏபி 705 என்ற மாநிலச் சட்டம், அதன் தம்பி ஏபி 1705. இதைத் தெரியாமல் போனால் சாப்பாட்டு மேஜையில் தெலுங்குப் படத்துக்குச் சப்டைட்டில் இல்லாமல் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முன்பெல்லாம் கல்லூரியில் சேர்ந்ததும் ஒரு தரப்பரீட்சை வைப்பார்கள். அதில் மார்க் குறைந்தால் பட்டத்துக்குக் கணக்கில் சேராத அடிப்படைப் பாடங்களில் உட்கார வேண்டும். முன் இயற்கணிதம், தொடக்க இயற்கணிதம், இடைநிலை இயற்கணிதம் என்று மூன்று படி ஏறிய பிறகுதான் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளும் புள்ளியியலோ கல்லூரி இயற்கணிதமோ. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஒன்றாம் வகுப்பு முடிக்காமல் இரண்டாம் வகுப்புக்கு எப்படிப் போவது?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு படியிலும் நூற்றுக்கு 70 பேர் தேறுகிறார்கள், தேறியவர்களில் 80 சதவீதம் அடுத்த செமஸ்டர் திரும்பி வந்து அடுத்த படியில் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இவை நான் கற்பனையாக எடுத்த எண்கள், ஆனால் தாராளமாகவே எடுத்திருக்கிறேன். ஒரு படி தாண்ட 0.7 × 0.8, அதாவது 0.56. மூன்று படிக்கு 0.56-இன் முப்படி, ஏறக்குறைய 0.176. கீழே 100 பேர் தொடங்கினால் கல்லூரிப் பாடத்தின் வாசலுக்கு 18 பேர் வருவார்கள், அதில் தேறுவது 12 பேர். எந்த வகுப்பிலும் யாரும் மோசமாகப் பாடம் எடுக்கவில்லை, எழுபது சதவீதத் தேர்ச்சி நல்ல தேர்ச்சிதான். பெருக்கல்தான் ஆளைக் கொன்றது.

2017இல் கையெழுத்தான ஏபி 705 இந்த ஏணியை எடுத்துவிட்டது. கல்லூரிப் பாடத்தை ஒரு வருடத்துக்குள் முடிக்கும் வாய்ப்பு எந்த வழியில் அதிகமோ அந்த வழியில்தான் மாணவரைச் சேர்க்க வேண்டும். தரப்பரீட்சை கூடாது, பள்ளி மதிப்பெண்ணை வைத்து முடிவு செய்ய வேண்டும். 2019 இலையுதிர் பருவத்துக்குள் எல்லாக் கல்லூரிகளும் மாறியாக வேண்டும் என்றது. நடைமுறையில், பெரும்பாலான மாணவர்கள் நேரே புள்ளியியலுக்கோ கல்லூரி இயற்கணிதத்துக்கோ வந்து உட்கார்ந்தார்கள். தடுமாறுகிறவர்களுக்குக் கூடவே ஒரு துணை வகுப்பு.

அதன் பிறகு முதல் தடவை மான்டரே போனபோது மேஜையில் இரண்டு பேர் கிட்டத்தட்டச் சண்டைக்கே போய்விட்டார்கள். ஒருவர், "இவ்வளவு பேர் தேறி நான் பார்த்ததே இல்லை" என்கிறார். இன்னொருவர், "இவ்வளவு பேர் ஃபெயிலாகி நான் பார்த்ததே இல்லை" என்கிறார். எனக்கு அன்று புரியவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் கில்ராய் தாண்டும்போதுதான் உறைத்தது, இரண்டு பேரும் சொன்னது உண்மை. மேலே போட்ட அதே நூறு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய முறையில் கல்லூரிப் பாடம் எடுக்கும் ஆசிரியர் முன்னால் 18 பேர், அதில் தோற்பது ஐந்தாறு பேர். மற்ற 82 பேர் அந்த அறைக் கதவையே பார்த்ததில்லை, அதனால் ஆசிரியர் அவர்களைத் தோற்றதாக எண்ணவும் இல்லை. புது முறையில் நூறு பேரும் உள்ளே. 45 பேர் தேறினால்கூட முன்பைவிட மூன்றரை மடங்கு, ஆனால் 55 பேர் உங்கள் கண்ணெதிரே தோற்கிறார்கள். ஒவ்வொரு முகமும் உங்களுக்குத் தெரியும். அலுவலகத்தில் அறிக்கை படிக்கிறவர் 45ஐப் பார்க்கிறார், கரும்பலகை முன் நிற்கிறவர் 55ஐப் பார்க்கிறார்.

புது முறைக்கு ஆதாரமாக அமர்வுகளில் அடிக்கடி வரும் ஆய்வு ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் மூன்று கம்யூனிட்டி காலேஜ்களில் 2013 இலையுதிர் பருவத்தில் செய்தது. தொடக்க இயற்கணிதம் தேவை என்று மதிப்பிடப்பட்ட 907 மாணவர்களைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான தொடக்க இயற்கணிதம், இன்னொன்றுக்கு அதே பாடமும் வாரப் பயிற்சி வகுப்பும், மூன்றாவது குழுவை நேரே கல்லூரிப் புள்ளியியலில் பயிற்சி வகுப்போடு போட்டார்கள். முதல் குழுவில் 39 சதவீதம் தேறியது, மூன்றாவதில் 56. கீழ்ப்பாடத்தைவிட மேல்பாடத்தில் அதிகம் பேர் தேறினார்கள். எதிர்த்துப் பேசுகிறவர்கள் சொல்வதும் சரிதான்: இயற்கணிதமும் புள்ளியியலும் ஒரே பாடமல்ல, கிலோவையும் லிட்டரையும் ஒப்பிட்ட மாதிரி. ஆனால் நர்ஸிங் போகிற பெண்ணுக்கு வேண்டியது லிட்டர்தானே என்பது என் கட்சி. ஆரம்பத்தில் நான் எதிர்க் கட்சியில் இருந்தேன், புள்ளியியலைப் பொறுத்தவரை மாறிவிட்டேன்.

கால்குலஸில் இன்னும் மாறவில்லை. 2022இல் வந்த ஏபி 1705, பொறியியல், அறிவியல் படிக்கப் போகிறவர்களையும் முன்பாடங்களில் சுற்றவிடாமல் கால்குலஸுக்குக் கொண்டுபோகும் திசையில் தள்ளியது. 2025 இலையுதிர் பருவத்திலிருந்து அதை நடைமுறைப்படுத்தும் வேலை. புள்ளியியலில் z மதிப்பு கண்டுபிடிக்க ஒரு கழித்தல், ஒரு வகுத்தல், கொஞ்சம் பொறுமை போதும். ஆனால் sin x-இன் வகைக்கெழுவை வரையறையிலிருந்து எடுக்க, முக்கோணவியலை அந்த வாரமே சொல்லித் தந்து முடிக்க முடியுமா? முடியும் என்று சிலர் துணை வகுப்புத் திட்டத்தோடு வந்து காட்டுகிறார்கள். அந்த அமர்வுகளில் உட்கார இடம் கிடைக்காது, பத்து நிமிடம் முன்னால் போய்விடுங்கள். உங்களுக்கு அடுத்த பருவத்தில் கால்குலஸ் கொடுக்கப்போகிறார்கள் என்றால் கட்டாயம் போக வேண்டியது இதற்குத்தான்.

துணை வகுப்பு எடுப்பதில் ஒரு தந்திரம் அங்கேதான் கற்றேன். பழைய பாடத்தை முதலிலிருந்து திரும்ப எடுக்காதீர்கள், நாளை மேல்வகுப்பில் எந்த ஒரு வரியில் தடுக்கி விழுவார்களோ அந்த வரிக்கு மட்டும் இன்று பயிற்சி கொடுங்கள். நாளை எல்லை காண (x² − 9)/(x − 3) வருகிறதா, இன்று இரண்டு வர்க்கங்களின் வித்தியாசத்தைக் காரணிப்படுத்துவது மட்டும். மற்ற காரணிப்படுத்தல் எல்லாம் தேவைப்படும் நாளில். இது எழுதும்போது சாதாரணமாக இருக்கிறது. நான் இரண்டு செமஸ்டர் மொத்த இயற்கணிதத்தையும் துணை வகுப்பில் திணித்து, பிள்ளைகளைத் தூங்க வைத்தவள்.

இவ்வளவு கனமாகவே போகாது. பொழுதுபோக்குக் கணக்குக்கு எப்போதும் ஒரு இடம் உண்டு, வசந்த காலத்தில் லேக் டாஹோவில் அதற்கென்றே தனி மாநாடு நடத்துகிறார்கள். ஒரு முறை ஒருவர் சீட்டுக்கட்டோடு வந்தார். 52 சீட்டைச் சரிபாதியாகப் பிரித்து, ஒன்று விட்டு ஒன்று துல்லியமாகக் கோத்து, மேல் சீட்டு மேலேயே நிற்கும்படி கலைத்தால், எட்டாவது கலைப்பில் கட்டு பழைய வரிசைக்கே வந்துவிடும். 2-இன் எட்டாம் அடுக்கை 51ஆல் வகுத்தால் மீதி 1 என்பதுதான் விஷயம். இன்னொரு அமர்வில் 6174 வந்தது. நாலு இலக்கமும் ஒன்றாகவே இல்லாத எந்த நாலிலக்க எண்ணையும் எடுத்து, இலக்கங்களை இறங்கு வரிசையில் எழுதி, அதிலிருந்து ஏறு வரிசையைக் கழித்துக்கொண்டே போனால் அதிகபட்சம் ஏழு தடவையில் 6174இல் வந்து நிற்கும். 3524 எடுத்தால் 5432 − 2345 = 3087, பிறகு 8730 − 0378 = 8352, பிறகு 8532 − 2358 = 6174. பேசியவர் கப்ரேகர் என்ற இந்தியர் கண்டது என்று மட்டும் சொன்னார். நான் கை தூக்கி மீதியைச் சொன்னேன். கப்ரேகர் நாசிக் பக்கம் தேவ்லாலியில் பள்ளிக்கூட வாத்தியார், முனைவர் பட்டம் கிடையாது. இதை அவர் 1949இல் வெளியிட்டது சென்னையில் நடந்த கணித மாநாட்டில். பொழுதுபோக்குக் கணக்கு எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் 1975இல் எழுதிய பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. இடைவேளையில் நாலு பேர் தேடி வந்து பேசினார்கள். இன்றுவரை அவர்களில் இரண்டு பேரோடு வினாத்தாள் பரிமாறிக்கொள்கிறேன்.

புத்தகக் கம்பெனிகளின் மேஜைகள் வராந்தாவில் இருக்கும். இலவசப் பேனா, சாக்லேட் எடுத்துக்கொள்ளுங்கள், மின்னஞ்சல் முகவரி கொடுக்கும்போது யோசித்துக் கொடுங்கள். நூற்றைம்பது டாலர் புத்தகத்துக்கு மாணவர்களைக் கட்டாயப்படுத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு யூனிட்டுக்கு 46 டாலர் கட்டுகிற பிள்ளைக்குப் பாடத்தைவிடப் புத்தகம் விலை அதிகமாக இருந்தால் அதென்ன நியாயம்? ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் புத்தகங்கள் இலவசம். வீட்டுப்பாடத்துக்கு மைஓப்பன்மேத் இலவசம். அதை எழுதியவர் டேவிட் லிப்மன், வாஷிங்டன் மாநிலத்தில் கம்யூனிட்டி காலேஜ் கணக்காசிரியர், நம்மைப் போல செக்‌ஷன் எடுத்துக்கொண்டே எழுதினார். இதை வைத்து வகுப்பு நடத்துகிறவர்களின் அமர்வு ஏதாவது ஒன்று நிகழ்ச்சி நிரலில் இருந்தால் விடாதீர்கள். அவர்கள் தங்கள் பாடத்தையே உங்கள் கணக்கில் நகலெடுத்துத் தந்துவிடுவார்கள், ஒரு கோடை விடுமுறை வேலை மிச்சம்.

செலவு விஷயம். பகுதி நேர ஆசிரியர் என்றால் கல்லூரி காசு தராது என்று நீங்களாகவே முடிவு கட்டாதீர்கள், கேட்டுப் பாருங்கள். பல கல்லூரிகளில் ஆசிரியர் மேம்பாட்டுக் குழு என்று ஒன்று இருக்கும், வருட நடுவில் காசு செலவழியாமல் கிடக்கும். டீனுக்கு எழுதும்போது எந்த அமர்வு, எந்தப் பாடத்துக்கு உதவும் என்று இரண்டு வரி எழுதினால் வேலை நடக்கும். பதிவுக் கட்டணம் மட்டுமாவது கொடுப்பார்கள். காசு இல்லை என்றால் இந்த இரண்டு நாளை ஃப்ளெக்ஸ் மணியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். ஆண்டுதோறும் இத்தனை மணி நேரம் தொழில் மேம்பாட்டுக்குச் செலவிட வேண்டும் என்பது பல கல்லூரி மாவட்டங்களில் (கல்லூரிகளை நடத்தும் நிர்வாக வட்டாரம்) இருக்கிறது, எப்படியும் எங்காவது உட்கார்ந்து கழிக்க வேண்டிய மணிதான். சான் ஹோசேயிலிருந்து காலையில் கிளம்பினால் ஒன்றரை மணி நேரம், 101இல் தெற்கே போய் கில்ராய் தாண்டி 156இல் திரும்பி காஸ்ட்ரோவில் வழியாகக் கடலோரம். வெள்ளி இரவு தங்காமல் சனிக்கிழமை மட்டும் போய் வருவதும் உண்டு. தங்குவதானால் மாநாட்டு ஹோட்டல் விலைக்கு அறையை இரண்டு மூன்று பேர் பகிர்ந்துகொள்வார்கள், உங்களைக் கூப்பிட்டவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

இதில் ஒரு சுயநலக் காரணமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியச் சட்டப்படி பகுதி நேர ஆசிரியர் ஒரே கல்லூரி மாவட்டத்தில் முழு நேர வேலையில் 67 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது. அதனால்தான் நம்மவர்கள் காலையில் ஒரு கல்லூரி, மதியம் ஒன்று, இரவு இன்னொன்று என்று காரிலேயே வாழ்கிறார்கள், ஃப்ரீவே ஃப்ளையர் என்று அதற்கொரு பெயரே வைத்துவிட்டார்கள். காரின் பின் சீட்டுதான் அலுவலகம். அப்படி ஓடுகிறவருக்குப் பக்கத்து அறையில் இருக்கும் ஆசிரியரின் பெயர்கூடத் தெரியாது. நான் அப்படி ஏழு வருடம் ஓடினேன். ஒரு கல்லூரியில் பகுதி நேரக்காரர்களுக்குத் துறைக் கூட்டம் நடக்கிறது என்றே சொல்ல மாட்டார்கள். எனக்கு முழு நேர வேலை கிடைத்ததற்கு மான்டரேதான் காரணம் என்று சொல்லமாட்டேன், ஆனால் நேர்முகத்தில் உட்கார்ந்திருந்த ஐந்து பேரில் ஒருவர் அங்கே என் அமர்வுக்கு வந்திருந்தவர். நேர்முகத்தில் மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்வார்கள், முகம் தெரிந்த ஒருவர் எதிரே இருந்தால் கை நடுங்காது. அவ்வளவுதான், ஆனால் அது குறைவில்லை.

அமர்வு தேர்ந்தெடுப்பதில் என் பழக்கம் இது: தலைப்பில் 'புரட்சி', 'மாற்றம்', 'எதிர்காலம்' என்று வந்தால் அடுத்த அறைக்குப் போய்விடுவேன். ஒரு குறிப்பிட்ட பாடத்தின் பெயரோ, ஒரு குறிப்பிட்ட தப்பின் பெயரோ தலைப்பில் இருந்தால் உள்ளே போவேன். இந்தச் சில வருடமாகச் செயற்கை நுண்ணறிவு பற்றிய அமர்வுகள் பெருகிவிட்டன. அதிலும் அதே அளவுகோல்தான்: தன் மாணவர்களின் விடைத்தாளைக் காட்டிப் பேசுகிறவரிடம் போங்கள், படம் மட்டும் காட்டுகிறவரிடம் வேண்டாம்.

இரண்டாவது வருடம் நீங்களே பேசுங்கள். ஆராய்ச்சி விட்டுப்போனது இங்கே ஒரு குறையே அல்ல. ஒரு பாடத்தை நீங்கள் எப்படி எடுத்தீர்கள், எங்கே சொதப்பியது, எப்படித் திருத்தினீர்கள் என்பது போதும். சொதப்பியதைச் சொல்லத் தயங்காதீர்கள், எல்லாம் நன்றாக நடந்தது என்று சொல்லும் பேச்சை யாரும் நம்புவதில்லை. ஊரில் நாம் மனக்கணக்கு, வாய்பாடு என்று வளர்ந்த விதத்தைப் பற்றிப் பேசினால்கூட ஆர்வமாகக் கேட்பார்கள். ஆனால் தயவுசெய்து வேத கணிதம் என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள்.

முடிந்தால் ஒரு மாணவரைக் கூட்டிப் போங்கள். மாணவர்கள் சுவரொட்டி வைக்க அங்கே இடம் கொடுக்கிறார்கள். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிற பிள்ளை, அறிமுகமில்லாத பத்துப் பேராசிரியர்கள் முன்னால் நின்று தன் வரைபடத்தை விளக்கும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். அதே போல அமாட்டிக் நடத்தும் மாணவர் கணிதப் போட்டி பற்றியும் அங்கே விசாரியுங்கள். வருடத்துக்கு இரண்டு சுற்று, ஒரு மணி நேரத்தில் இருபது கேள்வி, உங்கள் கல்லூரியிலேயே நடத்தலாம். யாராவது ஒரு ஆசிரியர் பொறுப்பேற்றால் போதும், அது பகுதி நேரக்காரராகவும் இருக்கலாம்.

கடைசியாக உடை. பட்டுப்புடவை வேண்டாம். பை எண்ணின் இலக்கங்கள் அச்சிட்ட டி-ஷர்ட்டும் ஹவாய் சட்டையுமாகத்தான் பாதிப் பேர் வருவார்கள். சுடிதார் போதும், ஆனால் மேலே கனமான ஸ்வெட்டர் ஒன்று, கடற்காற்று எலும்புக்குள் போகும். பெயர் அட்டை கழுத்தில் தொங்கும், துப்பட்டாவில் மாட்டிக்கொண்டே இருக்கும். அப்புறம் ஷூ. சனிக்கிழமை விடிகாலையில் உதவித்தொகை நிதிக்காக ஒரு ஓட்டம் வைப்பார்கள். ஓடலாம், நடக்கலாம், வேகத்துக்குப் பரிசு கிடையாது. எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும், யாருடைய மதிப்பீடு உண்மை நேரத்துக்கு மிக அருகில் இருக்கிறதோ அவருக்குத்தான் பரிசு. நான் ஷூ எடுத்துப் போக மறந்து செருப்போடு நடந்தேன். 31 நிமிடம் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். கடற்கரையில் நீர்நாய் ஒன்று மல்லாந்து மிதந்துகொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு நின்றதில் 44 ஆகிவிட்டது.